அடையாளம் காட்டப் போனவள்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘சரிம்மா’. யார் எதைச் சொன்னாலும் சரி என்பாள். அதற்கு மேல் ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெளுத்து, பிழிந்து, சூடான உருளையில் விட்டு எடுத்து, மடித்து அனுப்புவது எங்கள் பிழைப்பு. மடிக்கிற இடத்தில் விரிப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில்.

இரண்டு பேரும் சேர்ந்து உதறுவோம். இறுக்கி இழுத்து மூலையோடு மூலை சேர்ப்போம். பிறகு அவள் நடந்து வந்து தன் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழ்மடிப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவாள். முகத்துக்கு முகம் வருகிற அந்த ஒரு நொடிதான் எங்களுக்குப் பேச்சு நேரம். மற்ற நேரத்தில் மிஷின் சத்தத்தில் காதே கேட்காது. நான் ஒன்று கேட்பேன், அடுத்த விரிப்பில் பதில் வரும். சில கேள்விக்கு மறுநாள்தான் வரும். அவள் கதை எனக்குத் தெரிந்தது இப்படித்தான், துண்டு துண்டாக. ஆனால் முழுசாகத் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கேட்காமல் விடமாட்டேன்.

அவள் புருஷனை அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும். எங்கள் கூடத்து வேனை ஓட்டியவன்தான். அவன் உள்ளே வந்தாலே கூடம் கலகலத்துப் போகும். மூட்டையை இறக்கிவிட்டு, சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் குரலிலேயே எங்களை அதட்டுவான். மொக்கை ஜோக்குதான். அந்த வெக்கையில் அதற்கும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிக்காத ஒரே ஆள் இவள். அது அவனுக்கு உறுத்தலாகிவிட்டது. இவளைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று பின்னாலேயே சுற்றினான். ஒருநாள் சிரித்தும் விட்டாள். கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டான். சரி என்றாள்.

நல்லவனாகத்தான் இருந்தான், அதையும் சொல்ல வேண்டும். குடிக்கமாட்டான், கை ஓங்கமாட்டான். பெண் குழந்தை பிறந்தபோது கூடம் முழுக்க இனிப்பு கொடுத்தான். குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு வெளியூர் லோடு எடுக்கப் போனான். வாரத்துக்கொரு முறை வந்தவன் மாதத்துக்கொரு முறை வந்தான். பிறகு எப்போதாவது வந்தான். கடைசியில், நகரத்தின் மறுகோடியில் வேறொரு வீட்டுக் கொடியில் அவன் சட்டை காய்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “போய் நாலு கேள்வி கேக்க மாட்டியாடி?” என்றேன். அவள் தன் முனையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அடுத்த விரிப்பில்தான் பதில் வந்தது.

“கேட்டா வந்துடுவாராக்கா?”

அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. விரிப்பில் ஒரு கறை போகாமல் இருந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் வெளுக்கிற குவியலில் போட்டாள்.

ஒரு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம் இல்லை அது. அதனால் இரண்டு ஷிப்டு பார்க்கத் தொடங்கினாள். பகல் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தைக்குச் சாப்பாடு போட்டு, உள்ளே விட்டு, வெளியே பூட்டிவிட்டு, சாயங்கால ஷிப்டுக்குத் திரும்பி வருவாள். என் வீடு வேறு திசையில் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொள்ள அவர்கள் கேட்ட கூலிக்குச் சாயங்கால ஷிப்டுச் சம்பளமே சரியாகப் போய்விடும்.

குழந்தைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ரேடியோ’. அம்மா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவள் பேசுவாள். பூட்டிய அறையில் சும்மா இருப்பாளா? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களை நிறுத்தி வைத்துக் கதை சொல்வாள். “அம்மா என்னைப் பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்காங்க. சாவி அம்மாகிட்டதான் இருக்கு. நான் அடுப்புப் பக்கம் போகமாட்டேன்.” இதை ஒருநாள் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் நேராகக் கூடத்துக்கு வந்தார். “ஒரு தீ விபத்துன்னா யாரும்மா பதில் சொல்றது? உள்ள கிடக்கிறது உன் குழந்தை, ஆனா கம்பி எண்ணப் போறது நான். இன்னொரு நாள் பூட்டினேன்னு தெரிஞ்சா சாமானை எடுத்து வெளியே வெச்சுடுவேன்” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். திருப்பிக் கத்த நான் வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன். அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். அவள் “சரி சார்” என்றாள்.

அன்று நான்தான் அவள் கையைப் பிடித்து இலவச வக்கீல் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கணக்கு ரொம்பச் சுலபம். குழந்தைக்கு அவன் மாதாமாதம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் சாயங்கால ஷிப்டு வேண்டாம். சாயங்கால ஷிப்டு இல்லையென்றால் பூட்டு வேண்டாம். வக்கீல் அம்மா மனுப் போட்டார். கோர்ட்டும் ஜீவனாம்சம் கொடு என்று சொல்லிவிட்டது. அவன் ஒருநாளும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, கொடுக்கவும் இல்லை.

கொடுக்காதவன் வண்டி ஓட்டக்கூடாது என்று அடுத்து லைசன்ஸை முடக்கினார்கள். வசமாக மாட்டினான் என்று நான்கூடக் குதித்தேன். லைசன்ஸ் இல்லாதவனை எந்த முதலாளி ஸ்டியரிங்கில் உட்கார வைப்பான் என்று கோர்ட்டுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருந்த வேலையும் போனது. கொடுக்க மனசில்லாதவனைக் கொடுக்க வழியில்லாதவனாகவும் ஆக்கியாயிற்று. அதற்கும் மேல் பாக்கி ஏறிக்கொண்டே போக, கைது வாரண்டு போட்டார்கள்.

வாரண்டைத் தூக்கிக்கொண்டு ஆளைத் தேடிப் போகிற கோர்ட்டு ஊழியரை அமீனா என்பார்கள். இவளுக்கு வாய்த்த அமீனா கால் வீங்கிய, மூச்சு வாங்குகிற மனுஷர். பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும், சர்க்கரை இறங்கிவிடுமாம். அவர் ஒருமுறை அவன் இருந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தவன் அவனேதான். அசரவில்லை. “அண்ணனையா தேடறீங்க? உள்ள வாங்க சார்” என்று உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்து, “அவன் சரியான அயோக்கியன் சார். பொண்டாட்டி குழந்தையை நடுத்தெருவுல விட்டுட்டான். கிடைச்சா சும்மா விடாதீங்க” என்று தன்னையே அரை மணி நேரம் திட்டித் தீர்த்திருக்கிறான். அமீனாவும் இப்படி ஒரு நல்ல தம்பியா என்று நெகிழ்ந்துபோய், ஆள் ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அவனுக்குத் தம்பியே கிடையாது என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதை வக்கீல் அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமுடியவில்லை. சிரித்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவள் போல நின்றிருந்தாள்.

“இனிமே நீ கூட வந்து அடையாளம் காட்டணும்மா. மனுப் போட்டவங்க இவன்தான்னு கைகாட்டினாத்தான் அவர் தொடுவார்” என்றார் வக்கீல் அம்மா. “உள்ள போட்டுட்டா பயந்து எங்கயாவது புரட்டிக் கட்டுவான். பாதிப் பேர் அப்படித்தான் கட்டறாங்க.”

“மீதிப் பாதிப் பேர்?” என்று கேட்டேன்.

“உள்ள இருந்துட்டு வருவாங்க.”

“சரிம்மா” என்றாள் இவள்.

அவன் சிமெண்டு கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்குகிறான் என்று தகவல் வந்தது. போக வேண்டிய நாளன்று பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து விடுமுறை விட்டுவிட்டார்கள். குழந்தையைப் பூட்டி வைக்க முடியாது, விட்டுவிட்டுப் போகவும் ஆளில்லை. அதனால் ரேடியோவும் எங்களோடு கிளம்பினாள். நானும் லீவு போட்டேன். பஸ்ஸில் அமீனா தன் பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தையிடம் நீட்டினார். அவள் இரண்டு எடுத்துக்கொண்டு, ஒன்றைத் தின்றுவிட்டு, “நாம எங்கம்மா போறோம்?” என்று கேட்டாள்.

“ஒருத்தரைப் பாக்க.”

“யாரை?”

அவள் குழந்தையின் வாயோரத்து பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டாள். குழந்தை அமீனாவிடம் திரும்பி அவர் காலில் என்ன வீக்கம், ஊசி போட்டார்களா, வலித்ததா என்று விசாரிக்கத் தொடங்கினாள். நான் குனிந்து அவள் அம்மாவிடம், “நல்லா யோசிச்சுக்கோ. கைகாட்டினா அவன் பாடு திண்டாட்டம்தான். காட்டலைன்னா உன் பாடு” என்றேன்.

இங்கே விரிப்பு இல்லை, உடனே பதில் சொல்லியிருக்கலாம். இறங்குகிற நிறுத்தம் வந்த பிறகுதான் சொன்னாள்.

“ஒரே ஷிப்டு பாத்தா போதும்னு இருக்குக்கா.”

கிடங்கு ஒரு பெரிய தகரக் கொட்டகை. வாசலில் லாரி நின்றது. உள்ளே காற்றே சாம்பல் நிறமாக இருந்தது. அமீனா பெயரைச் சொல்லிக் கேட்டதும், “அந்தப் பேருல இங்க யாரும் கிடையாது சார்” என்றான் கிடங்குக் கணக்கன். அன்றன்றைக்குக் கூலி வாங்கிப் போகிறவர்கள் எந்தப் பெயரைச் சொன்னால்தான் என்ன? பத்துப் பன்னிரண்டு பேர் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையிலிருந்து முதுகு வரை தொங்கவிட்டிருந்தார்கள். முகம், புருவம், இமை, கை, எல்லாம் ஒரே சாம்பல். அண்ணன் யார், தம்பி யார், கிழவன் யார் என்று பெற்றவளுக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்தது. அந்த ஆளை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒருவன் மூட்டையைச் சுமந்து வந்து, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மூட்டையை இறக்கவும் தோன்றவில்லை. ஸ்டியரிங் பிடித்த உடம்பு, சுமை பழகாத உடம்பு. முதுகு கோணிப்போயிருந்தது. மூட்டையைப் பிடித்திருந்த கையில் ஒரு விரலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது.

கணக்கன் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னான். நின்றார்கள். அமீனா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“இதுல யாரும்மா?”

நான் சொன்னால் செல்லாது. சொல்ல வேண்டியவள் அவள். அவள் வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவனிடம் வந்தபோதும் நிற்கவில்லை. துணி சுற்றிய விரலை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கடைசி ஆள் வரை பார்த்துவிட்டு,

“இதுல இல்ல சார்” என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்கா இத்தனை அலைச்சல்? பூட்டு, வீட்டுக்காரர், ஜன்னல் கம்பி எல்லாம் என் கண் முன்னே வந்தன. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இந்த முதுகிலிருந்து என்ன பணம் வந்துவிடப் போகிறது என்று அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்தானே. அமீனாவுக்கு அவள் சொன்னதில் நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் சொன்னதைத்தான் அவர் எழுத முடியும். “நல்லாப் பாத்துட்டியாம்மா?” என்றார். “பாத்துட்டேன் சார்” என்றாள். அவர் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் குழந்தை அம்மா கையை விட்டுவிட்டு ஓடினாள். வருஷக்கணக்கில் பார்க்காத முகத்தை, அதுவும் சாம்பல் அப்பிய முகத்தை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். வேறு யாரையும் பார்க்காமல் நேராக அவன் முன்னால் போய் நின்றாள். கையில் மிச்சம் இருந்த பிஸ்கட்டை நீட்டினாள்.

“அப்பா! என்னப்பா இப்படிப் பூசிக்கிட்டு நிக்கறே? நீ லாரி ஓட்டறேன்னுதானே அம்மா சொன்னாங்க? நான் ரெண்டாம் கிளாஸ் வந்துட்டேன்.”

அவன் குழந்தையைப் பார்த்தான். பிறகு அமீனாவின் பேனாவைப் பார்த்தான். எனக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு நொடியில் இறங்கித்தான் இருந்தது. குனிந்து அவளைத் தூக்குவான் என்று நினைத்தேன். அவன் இரண்டடி பின்னால் போனான்.

“யாரு பாப்பா நீ?” என்றான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து இளித்தான். “யாரு வீட்டுக் குழந்தைடா இது? ஆள் தெரியாம என்னைப் போய் அப்பாங்குது. போ பாப்பா, உங்கம்மாகிட்டப் போ.”

பக்கத்தில் இருந்தவன் சிரிக்கவில்லை. “உன் மூஞ்சியை உரிச்சு வெச்சிருக்கேடா” என்றான்.

குழந்தை பிஸ்கட்டை நீட்டியபடியே நின்றாள். அவள் பேச்சு நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். தப்பான கணக்கைப் போட்டுவிட்டுச் சரியா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள்.

அவள் அம்மா நடந்து போனாள். விரிப்பின் முனையைக் கொடுக்க என்னிடம் வருவாளே, அதே வேகத்தில்தான் போனாள். குழந்தையின் தோளில் கைவைத்து நின்றாள். குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

“இவ அப்பா இவர்தான் சார். எழுதிக்கோங்க.”

“ஏய், இப்பதானே இல்லன்னு சொன்ன?” என்று அவன் கத்தினான். “குழந்தை முன்னாடி இப்படிப் பண்றியே, நீயெல்லாம் ஒரு…” அதற்குள் அமீனா அவன் கையைப் பிடித்துவிட்டார். அவள் அவன் பக்கம் திரும்பாமல், குழந்தையின் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவன் உள்ளே போனான். பயந்து புரட்டிக் கட்டுகிற பாதியில் சேரவில்லை. மீதிப் பாதியில் சேர்ந்து, விதித்ததை இருந்து கழித்துவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போனானோ தெரியவில்லை. கிடங்கில் அவன் இடத்தில் அன்றைக்கே வேறு ஆள் வந்துவிட்டான். பணம் வரவில்லை. அவள் இன்னமும் இரண்டு ஷிப்டுதான் பார்க்கிறாள். வீட்டுக்காரர் கத்திய நாளிலிருந்தே சாயங்காலங்களில் குழந்தை எங்கள் மேசைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கூடத்துக்குள் குழந்தைகள் வரக்கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் அவருக்கு வேறு எங்கோ பார்க்க வேண்டியிருக்கிறது. மறுபடி மனுப் போடலாம் என்றார் வக்கீல் அம்மா. அவள் வாயிலிருந்து சரி வராததை நான் முதல் முறையாகக் கேட்டேன். “வேண்டாம்மா” என்றாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். அமீனா அவனோடு ஆட்டோவில் போய்விட்டார். குழந்தை அம்மாவின் பையைத் திறந்து அந்த பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அம்மா, அது அப்பாதானே?”

“ஆமா.”

“அப்போ அப்பாவுக்கு ஏன் என்னைத் தெரியல?”

அவள் யோசிக்கவே இல்லை. எந்தக் கேள்விக்கும் அடுத்த விரிப்பு வரை நேரம் எடுத்துக்கொள்கிறவள், இதற்கு உடனே பதில் சொன்னாள்.

“கண்ணுல சிமெண்டு விழுந்துருச்சு. அதான் தெரியல.”

“கழுவினா தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த பிஸ்கட் மாமா கழுவி விடத்தான் கூட்டிட்டுப் போறாரா?”

“ஆமா.”

குழந்தைக்கு முகம் தெளிந்தது. கொஞ்ச நேரத்தில் ரேடியோ மறுபடி பாடத் தொடங்கிவிட்டது. முன்சீட்டு அம்மாளின் தோளைத் தட்டித் திருப்பி, “எங்கப்பா கண்ணுல சிமெண்டு விழுந்துருச்சு, அதனால அவருக்கு என்னை அடையாளம் தெரியல, கழுவிட்டு வந்துடுவாரு” என்றாள். அந்த அம்மாள் அச்சச்சோ என்றாள். அடுத்து கண்டக்டரிடம் சொன்னாள். எனக்கு அந்த வாயைப் பொத்திவிட வேண்டும் போல இருந்தது. அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். நிறுத்தம் வரும் வரைக்கும் குழந்தை ஏறுகிற எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.